நெடுநடையும் மனப்பக்குவமும்

ஐக்கிய அமெரிக்காவின் கீழைப் பகுதியில், தெற்கே ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, பதினான்கு மாநிலங்களை ஊடறுத்துச் சென்று, வடக்கே மெயின் மாநிலத்தின் கட்டாடின் சிகரத்தில் முடிகிற அப்பலாச்சியன் நெடும்பாதை ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர் நீளமுடையது. அதனை ஒரே பருவத்தில் முழுவதும் நடந்து தீர்ப்பது என்ற சங்கற்பத்துடன் ஆண்டுதோறும் மூவாயிரம் பேருக்கு மேல் புறப்படுகிறார்கள். அவர்களுள் நால்வரில் ஒருவரே மறுமுனையைக் காண்கிறார் என்பது அப்பாதையைப் பேணும் சங்கத்தாரின் கணக்கு. புறப்படுகிறவர்களிற் பலர் இளமையும் ஆரோக்கியமும் உடையவர்கள். மாதக்கணக்கில் ஆயத்தம் செய்தவர்கள். காலணியும் கூடாரமும் ஆராய்ந்து ஆராய்ந்து வாங்கியவர்கள். அவ்வாறிருந்தும் மூவர் திரும்பிவிடுவதற்குக் காரணம் என்ன என்பதும், எஞ்சிய ஒருவரிடத்தில் விளங்குகிற சிறப்பு யாது என்பதும் ஆராயத்தக்க வினாக்கள்.

உடல்வலிமையே காரணம் என்று விடை கூறுவது எளிது; அவ்விடைக்கு ஆதாரமும் இல்லாமற் போகவில்லை. பாதையில் உள்ள ஏற்றங்களையெல்லாம் ஒன்றாகக் கூட்டினால், கடல்மட்டத்திலிருந்து எவரெஸ்ட் உச்சிக்குப் பதினாறு முறை ஏறியதற்குச் சமமாகும் என்று கணித்திருக்கிறார்கள். ஐந்து முதல் ஏழு மாதம் வரையில் முதுகிலே சுமையுடன் நடப்பவருக்குப் பாதத்தில் கொப்புளமும் முழங்காலில் வீக்கமும் உண்டாவதும், எவ்வளவு உண்டாலும் அடங்காத பசி வாட்டுவதும், உண்ணி கடித்து லைம் நோய் பற்றுவதும் மெய்யான துன்பங்களே. ஆயினும், 1955-இல் எம்மா கேட்வுட் என்ற ஓஹாயோ மாநிலத்துப் பெண்மணி, பதினொரு மக்களைப் பெற்று வளர்த்து ஆளாக்கியவர், தமது 67 வயதில் தன்னந்தனியாக இப்பாதையை நடந்து முடித்தார். 1990-இல் பில் இர்வின் என்ற பார்வையற்றவர், ஓரியண்ட் என்னும் தம் வழிகாட்டி நாயைத் துணையாகக் கொண்டு, பல ஆயிரம் முறை விழுந்தும் எழுந்தும் அதே பாதையைக் கடந்தார். 1998-இல் எர்ல் ஷாஃபர் என்பவர், தம் இளமையில் ஒருமுறை நடந்த அப்பாதையை ஐம்பது ஆண்டுகள் கழித்து 79 வயதில் மீண்டும் நடந்தார். இம்மூவருக்கும் வாய்க்காத தேகபலம், இடைவழியில் திரும்பிய இளைஞர் பலருக்கு வாய்த்திருந்தது. ஆகவே வேறுபாட்டின் வேரைத் தேகத்தில் மாத்திரம் தேடுதல் போதாது, சித்தத்திலும் தேடவேண்டும்.

நெடுநடைக்கு உரிய மனநிலை யாது என்பதைக் குறித்து அனுபவசாலிகளிடையே வழங்கும் அபிப்பிராயங்கள் பல. அவற்றைத் தொகுத்து நோக்கினால் மூன்று கொள்கைகளுள் அடங்கும். மனவுறுதியே எல்லாம் என்பது ஒன்று. நோக்கத்தின் தெளிவே எல்லாம் என்பது இன்னொன்று. அன்றாட நடையை அன்றாடக் கடமையாக ஏற்கும் பழக்கமே எல்லாம் என்பது மூன்றாவது. இவற்றின் தகுதியை ஒவ்வொன்றாக ஆராய்வதற்கு முன், பாதை தோன்றிய வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்வது நலம். ஏனெனில் இவ்வினா பாதையுடன் கூடவே பிறந்தது.

பாதையைக் கண்டவரும் பாதையை அளந்தவரும்

1921-ஆம் ஆண்டு அக்டோபரில், பெண்டன் மக்காய் என்ற வனவியல் அறிஞர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் சங்கத்தின் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆலைகளும் நகரங்களும் பெருகி, மனிதனுடைய நாட்கள் கடிகாரத்துக்கும் யந்திரத்துக்கும் அடிமைப்பட்டுவந்த காலம் அது. அப்பலாச்சியன் மலைத் தொடரின் முகடுகளை இணைத்து ஒரு நடைபாதை அமைத்தால், நகரத்து மாந்தர் அங்கே சென்று தங்கி, வாழ்வை எட்ட நின்று நோக்கும் வாய்ப்பைப் பெறுவார்கள் என்பது அவர் எண்ணம். அவ்வெண்ணத்தை மண்ணிலே பாதையாக்கியவர் மைரன் ஏவரி என்ற வழக்கறிஞர். நீளம் அளக்கும் சக்கரம் ஒன்றை உருட்டிக்கொண்டே மலைமலையாக நடந்து, தொண்டர்களைத் திரட்டி, ஊர்தோறும் சங்கம் அமைத்து, 1937-இல் ஜார்ஜியாவையும் மெயினையும் ஒரே தொடர்ப் பாதையால் இணைத்துவைத்த பெருமை அவரைச் சேரும். பாதை முழுவதையும் பகுதி பகுதியாக முதன்முதலில் நடந்து முடித்தவரும் அவரே.

இவ்விருவரும் பின்னாளில் பிணங்கிப் பிரிந்தனர். பிணக்குக்கு வெளிப்படையான காரணம், மலைமுகட்டில் மோட்டார்ச் சாலை அமைப்பதை எதிர்ப்பதா, ஏற்றுக்கொண்டு பாதையை மாற்றி அமைப்பதா என்பது. ஆழ்ந்து நோக்கினால் அது இரண்டு சுபாவங்களின் மோதல் என்பது புலனாகும். மக்காய்க்குப் பாதை என்பது தரிசனம். ஏவரிக்குப் பாதை என்பது முடித்தாகவேண்டிய காரியம். இத்தனை நாளில் முடித்தேன் என்று பெருமை பேசுவோரைக் காட்டிலும், மிக அதிக நாள் எடுத்துக்கொண்டு நடப்பவருக்கே பரிசளிக்கவேண்டும் என்ற கருத்தை மக்காய் பிற்காலத்தில் வெளியிட்டார். ஏவரியோ ஒவ்வோர் அடியும் அளக்கப்பட்டிருக்கவேண்டும், ஒவ்வொரு திருப்பத்திலும் குறி இருக்கவேண்டும் என்பதில் கண்ணாக இருந்தார். தரிசனம் இன்றி அப்பாதை தோன்றியிராது. அளவை இன்றி அது காகிதத்திலேயே நின்றிருக்கும். இன்று அதில் நடக்கும் ஒவ்வொருவர் நெஞ்சத்திலும் இவ்விருவரும் குடியிருக்கிறார்கள் என்றும், எவரேனும் ஒருவர் மற்றவரை அடியோடு துரத்திவிடும்போதே நடை கெடுகிறது என்றும் கூறலாம்.

வைராக்கியம்

முதற் கொள்கை மனவுறுதியைப் போற்றுவது. வலியும் மழையும் இல்லாமல் மெயின் இல்லை என்பது அப்பாதையில் வழங்கும் பழமொழி. துன்பம் வரும், பல்லைக் கடித்துக்கொண்டு நட, வென்றவன் நீயே என்பது இக்கொள்கையின் சாரம். இதற்குத் தக்க திருஷ்டாந்தம் ஜெனிபர் ஃபார் டேவிஸ். 2011-இல் இவர் மெயினிலிருந்து ஜார்ஜியா வரையில் முழுப்பாதையையும் 46 நாள், 11 மணி, 20 நிமிடத்தில் கடந்தார். சராசரியாக நாளொன்றுக்கு 75 கிலோமீட்டர். சாதாரண நடையாளருக்கு ஐந்து மாதத்துக்குக் குறையாமல் ஆகும் காரியத்தை ஒன்றரை மாதத்தில் முடித்த அச்செயலில் வைராக்கியத்தின் மேன்மையை எவரும் மறுக்க இயலாது.

ஆயினும் அவர் வரலாற்றையே கூர்ந்து நோக்கினால் வேறொரு பாடமும் கிடைக்கிறது. நடையின் தொடக்கத்தில், நியூ ஹாம்ப்ஷயர் மலைகளில், கணுக்காலுக்கு மேலே எலும்பு வலியும் நோயும் ஒருங்கே வருத்தவே, அவர் நடையைக் கைவிட்டுவிடத் துணிந்தார். உடனிருந்து உதவிய கணவர், வேண்டாமென்று தடுக்கவுமில்லை, வீரவசனம் பேசவுமில்லை. இப்பொழுது முடிவு செய்யவேண்டாம், உண்டு மருந்து அருந்தி இன்றையப் பொழுதைக் கடந்தபின் முடிவு செய்யலாம் என்று மாத்திரம் கூறினார். வைராக்கியம் முற்றும் வற்றிப்போன அந்த நாழிகையில் அவரைக் காத்தது, முடிவை ஒத்திவைக்கும் எளிய விவேகமே ஆகும்.

வைராக்கியம் நிலையற்றது என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். புராணம் கேட்கும்போது தோன்றி, கோயில் வாசலைக் கடந்ததும் மறைவதைப் புராண வைராக்கியம் என்றும், சுடுகாட்டில் பிறந்து வீடு திரும்பியதும் ஒழிவதை மயான வைராக்கியம் என்றும், நோவில் உதித்து நோவுடன் தீர்வதைப் பிரசவ வைராக்கியம் என்றும் அவர்கள் வகுத்தார்கள். நெடுநடைக்குப் புறப்படுகிறவர்களில் பலருடைய உறுதி, பிறர் எழுதிய நடைக்கதைகளை வீட்டுக் கூடத்தில் அமர்ந்து படித்தபோது தோன்றிய புராண வைராக்கியமே. ஸ்பிரிங்கர் மலையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில், நான்கைந்து நாள் நடையில், நீல் கணவாய் என்னும் இடம் வருகிறது. பழைய கல் கட்டடம் ஒன்றின் ஊடாகவே பாதை அங்கே செல்கிறது. கட்டடத்தில் நடைப்பொருள்கள் விற்கும் கடை. கடைக்கு எதிரே நின்ற மரத்தின் கிளைகளில் ஜோடி ஜோடியாகப் பழைய காலணிகள், வாரோடு வாரை முடிந்து எறியப்பட்டவை, நெடுங்காலம் காய்த்துத் தொங்கின. ஆறு மாதத்துக்கென்று எடுத்த உறுதி ஒரு வாரத்தில் முடிந்துபோன பலர் நடையை நிறுத்திய இடம் அது.

அக்கடையில் இன்னொரு காட்சியும் நாள்தோறும் நடைபெறும். நடையைத் தொடர விரும்புகிறவர்கள் தம் முதுகுப்பையைக் கவிழ்த்துப் பரப்ப, பழுத்த அனுபவமுள்ள பணியாளர் ஒவ்வொரு பொருளாக எடுத்து, இது வேண்டும், இது வேண்டாம் என்று பிரித்து, வேண்டாதவற்றைத் தபாலில் வீட்டுக்கு அனுப்பச் செய்கிறார். ஒருவன் எதற்கு அஞ்சுகிறானோ அதையே மூட்டையாகச் சுமக்கிறான் என்பது நெடுநடையாளர் கண்ட உண்மை. குளிருக்கு அஞ்சுகிறவன் மூன்று கம்பளிச் சட்டையும், பசிக்கு அஞ்சுகிறவன் பத்து நாள் உணவும், இருளுக்கு அஞ்சுகிறவன் இரண்டு விளக்கும் கொண்டுவருகிறான். கேட்வுட் அம்மையார் கொண்டுசென்றவற்றுள் முக்கியமானவை, தம் கையாலே தைத்த ஒரு துணிப்பை, இராணுவக் கம்பளி ஒன்று, மழைச்சட்டை ஒன்று, மழைக்கு மறைப்பாகக் குளியலறைப் பிளாஸ்டிக் திரை ஒன்று ஆகியவையே. காலில் சாதாரணக் கித்தான் காலணி. அச்சம் குறைந்த அளவுக்குச் சுமையும் குறைந்தது. வைராக்கியம் அச்சத்தை எதிர்த்து நிற்கிறது. எதிர்த்து நிற்பதற்குரிய பொருளாக அச்சம் நெஞ்சில் இருந்துகொண்டே இருக்கிறது. அச்சத்தையே இளைக்கச் செய்யும் மனநிலை இதனினும் உயர்ந்தது.

நோக்கம்

இரண்டாவது கொள்கை, எதற்காக நடக்கிறோம் என்ற தெளிவே நடையாளனைக் காக்கும் என்பது. நான் ஏன் புறப்படுகிறேன், முடித்தால் என்ன பெறுவேன், கைவிட்டால் என்ன இழப்பேன் என்று மூன்று வினாக்களுக்கு விடை எழுதி, மழைநாளில் எடுத்துப் படிப்பதற்காகப் பையில் வைத்துக்கொள்ளும் வழக்கம் இக்காலத்து நடையாளரிடையே பரவியிருக்கிறது. நல்ல வழக்கமே. நோக்கமின்றிப் புறப்பட்டவன் முதல் துன்பத்திலேயே தன்னைத்தான் கேட்கத் தொடங்கும் கேள்விக்கு விடையின்றித் தவிப்பான்.

இப்பாதை முழுவதையும் ஒரே தொடர்நடையில் முடித்ததாக அறியப்பட்ட முதல் மனிதர் எர்ல் ஷாஃபர். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் பணியாற்றித் திரும்பியவர். தம்முடன் இப்பாதையில் நடக்கத் திட்டமிட்டிருந்த இளமைத் தோழரை இவோ ஜீமா தீவுப் போரில் பறிகொடுத்தவர். படையின் சுவட்டைத் தம் உள்ளத்திலிருந்து நடந்தே போக்கிக்கொள்ளவேண்டும் என்பது அவருடைய நோக்கம். 1948 ஏப்ரல் 4-ஆம் நாள் புறப்பட்டு, கூடாரம்கூட இன்றி, சாலைப் படங்களின் உதவிகொண்டு, இடையிடையே தூர்ந்துபோன பாதையைத் தாமே தேடிக் கண்டு நடந்து, ஆகஸ்டு 5-ஆம் நாள், 124-ஆவது நாளில், கட்டாடின் உச்சியில் ஏறி நின்றார். அவர் கூற்றை முதலில் நம்பாத பாதைச் சங்கத்தார், நாட்குறிப்பையும் புகைப்படங்களையும் பார்த்தபின் ஏற்றனர்.

இத்தகைய ஆழ்ந்த நோக்கம் எல்லாருக்கும் அமைவதில்லை. அமைந்தாலும் சொல்லில் அடங்குவதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணவனின் கொடுமையைப் பொறுத்துப் பின்னர் விடுபட்டவர் கேட்வுட் அம்மையார். நடக்கப் போகிறேன் என்ற அளவில் வீட்டிலே சொல்லிவிட்டுப் புறப்பட்டவர். ஏன் நடக்கிறீர்கள் என்று வழியில் கேட்ட நிருபர்களுக்கு அவர் ஒவ்வொரு சமயம் ஒவ்வொரு விடை கூறினார். காரணத்தைத் தெளிவாக எடுத்துரைக்க இயலாதவர் காரணமின்றி நடக்கிறார் என்று எண்ணுவது தவறு என்பதற்கு அவரே சான்று.

நோக்கத்தை மட்டும் நம்புவதில் இன்னொரு இடரும் உண்டு. வர்ஜீனியா மாநிலத்தில் மாத்திரம் பாதை ஏறக்குறைய 880 கிலோமீட்டர் செல்கிறது. மொத்த நீளத்தில் அது கால்பங்கு. தொடக்கத்தின் புதுமை தேய்ந்துவிட்டது. முடிவின் கவர்ச்சி இன்னும் தென்படவில்லை. ஒரு மாதத்துக்கு மேலாக அதே மாநிலம், தலைக்கு மேல் அதே பச்சை விதானம், காலுக்குக் கீழ் அதே மண். இங்கே பற்றும் மனச்சோர்வு நடையாளர் பேச்சில் தனிப் பெயர் பெறும் அளவுக்குப் பரவலானது. நடையாளன் எழுதிவைத்த காரணங்கள் இப்பொழுதும் மெய்யே. ஆனால் நூறாவது முறை படிக்கும்போது அவை நெஞ்சில் ஒன்றையும் எழுப்புவதில்லை. துன்பத்தைக் காட்டிலும் சலிப்பே நெடுநடையின் பெரும்பகை என்பது இவ்விடத்தில் பிரத்தியட்சமாக விளங்குகிறது. துன்பத்துக்கு வைராக்கியம் மருந்தாகலாம். திசைமயக்கத்துக்கு நோக்கம் மருந்தாகலாம். சலிப்புக்கு இவ்விரண்டும் மருந்தாகா.

நித்திய கர்மம்

நம் சாத்திரங்களில் பலனை விரும்பிச் செய்யும் காமிய கர்மத்துக்கும், பலனைக் கருதாது நாள்தோறும் செய்தே தீரவேண்டிய நித்திய கர்மத்துக்கும் வேறுபாடு கூறப்பட்டிருக்கிறது. சந்தியாவந்தனம் செய்கிறவன் இன்று எனக்கு உற்சாகம் இருக்கிறதா என்று தன்னைக் கேட்டுக்கொள்வதில்லை. பொழுது வந்தது, செய்கிறான். நெடுநடைக்குரிய மனநிலைகளில் தலையாயது இதுவே என்பது என் துணிபு. நடையை ஒரு சாகசமாகவோ, தன்னைத்தான் சோதித்துக்கொள்ளும் தேர்வாகவோ கருதுகிறவன், சாகசம் தோன்றாத நாட்களிலும் தேர்வில் தோற்ற நாட்களிலும் கலங்குகிறான். பொழுது விடிந்தால் நடப்பது என்று கொண்டவனுக்குக் கலங்க இடமில்லை.

இம்மனநிலை செயலில் எவ்வாறு விளங்கும் என்பதை ஒரு மழைக்காலக் காலைப்பொழுதில் காணலாம். பாதையோரத்தில், சராசரியாக ஒரு நாள் நடைக்கோ அதற்கும் குறைந்த தூரத்துக்கோ ஒன்றாக, மூன்று பக்கம் மட்டும் மறைப்புள்ள மரத்தங்குமிடங்கள் இருநூற்றைம்பதுக்கு மேல் இருக்கின்றன. நாலைந்து நாள் ஓயாத மழைக்குப்பின் அத்தகைய தங்குமிடம் ஒன்றில் கண்விழித்த நடையாளனிடம் இரண்டு ஜோடி காலுறைகள் உள்ளன. ஒன்று பையின் அடியில் உலர்ந்திருக்கிறது, மற்றொன்று உத்தரத்து ஆணியில் தொங்கி, இரவு முழுவதும் சொட்டியும் காயாமல் இருக்கிறது. உலர்ந்ததை அணிந்தால் அரை நாழிகையில் அதுவும் நனையும். இரவில் குளிர்ந்த பாதங்களுக்கு ஒன்றும் இராது. ஆகவே அனுபவசாலி ஈரக் காலுறையை எடுத்துப் பிழிந்து, சில்லென்று தோலில் ஒட்டும்படி இழுத்து அணிந்து, வார்களை முடிந்துகொண்டு எழுகிறான். அரைக் கிலோமீட்டர் நடப்பதற்குள் அவ்வீரம் உடற்சூட்டில் வெதுவெதுப்பாகிவிடும் என்பது அவனுக்குத் தெரியும். அச்செயலில் வீரமும் இல்லை, வருத்தமும் இல்லை. நெடுநடையின் தத்துவம் முழுவதும் அந்த ஒரு நிமிடத்தில் அடங்கியிருக்கிறது.

பாதையின் அமைப்பும் இதனையே போதிக்கிறது. வழிநெடுகிலும் மரங்களிலும் பாறைகளிலும் இரண்டு அங்குல அகலமும் ஆறு அங்குல உயரமும் உள்ள வெண்ணிறப் பட்டைகள் தீட்டப்பட்டிருக்கின்றன. ஒரு பட்டையைக் கடந்தவனுக்கு அடுத்த பட்டை தென்படும். அதற்கு அப்பால் ஒன்றும் தென்படாது. திருப்பம் வரும் இடத்தில் மாத்திரம் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பட்டைகள் எச்சரிக்கும். அப்பாதையைக் காட்ட இவ்வளவே போதுமானது. கட்டாடினைக் குறித்து நாள்முழுதும் எண்ணுகிறவன் கண்ணெதிரே உள்ள பட்டையைத் தவறவிட்டு வழிதப்புகிறான். பட்டையைக் கவனிப்பவன் கட்டாடினை எண்ணாமலே அதனை நெருங்குகிறான்.

பில் இர்வினின் அனுபவம் இதற்குச் சிறந்த உரைகல். அப்பட்டைகளைக் காணவும் இயலாதவர் அவர். அடுத்த அடி கல்லா பள்ளமா என்பதைக் கால்வைத்தே அறியவேண்டியிருந்தது. முழுத் தொலைவையும் கணக்கிட்டிருந்தால் அவர் முதல் வாரத்திலேயே திகைத்து நின்றிருப்பார். விழுவதை நடையின் ஒரு பகுதியாகவே கொண்டதால் வீழ்ச்சி அவருக்குத் தோல்வியாகத் தோன்றவில்லை.

நம் நாட்டு நெடுநடைகளிலும் இம்மனநிலை போற்றப்பட்டிருக்கிறது. 1930 மார்ச் 12-ஆம் நாள் சபர்மதியிலிருந்து புறப்பட்டு, ஏப்ரல் 6-ஆம் நாள் தண்டிக் கடற்கரையில் உப்பெடுத்த காந்தியடிகள், உடன்வந்த தொண்டர் 78 பேரும் நாள்தோறும் பிரார்த்தனை செய்யவும், இராட்டை நூற்கவும், நாட்குறிப்பு எழுதவும் வேண்டும் என்று விதித்திருந்தார். ஏறக்குறைய 385 கிலோமீட்டர் நடந்து ஒரு சாம்ராஜ்யத்தை எதிர்க்கச் செல்கிறவர்களுக்கு இராட்டை எதற்கு என்று தோன்றலாம். கிளர்ச்சியின் வேகத்தில் மனம் சிதறாமல் அன்றாட ஒழுங்கில் அதனைக் கட்டிவைப்பதற்கே அது. அதே ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரணியம் வரையில் இராஜாஜி நடத்திச் சென்ற யாத்திரையும் இவ்வழியே நின்றது. தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டிலிருந்து பழனிக்குக் காவடியுடன் நடக்கும் நகரத்தார் யாத்திரையிலும், இன்ன நாள் இன்ன ஊரில் தங்குவது என்று தலைமுறை தலைமுறையாக வகுத்துவைத்த ஒழுங்கு உண்டு. இன்று எவ்வளவு நடக்கலாம் என்று தனியொருவன் தன் உற்சாகத்தை அளந்து பார்க்க வேண்டிய தேவையே அங்கு எழுவதில்லை.

தனிமையும் துணையும்

நெடுநடையாளனின் மனத்தைக் குலைப்பவற்றுள் ஒப்பீடு முதன்மையானது. இன்று அவன் முப்பது கிலோமீட்டர் நடந்தான், நான் இருபதே நடந்தேன் என்ற எண்ணம் நுழைந்த மாத்திரத்தில் நடை கசந்துவிடும். அவரவர் நடை அவரவருக்கு என்பது அப்பாதையின் முதுமொழி. அதனைப் பிறருக்கு உபதேசிப்பவர் பலர். தமக்கே உபதேசித்துக்கொள்பவர் சிலர். பாதையில் ஒவ்வொருவரும் ஒரு புனைபெயர் பூண்டு வழங்கும் வழக்கம் இதற்கு உறுதுணையாகிறது. வழக்கறிஞர், மாணவர், தொழிலாளி என்னும் பேதங்களை ஊரிலேயே விட்டு வந்தவர்களுக்குப் போட்டியின் காரணங்களில் பாதி ஒழிந்துபோகிறது.

தனியாக நடப்பதா, கூட்டமாக நடப்பதா என்ற விவாதத்துக்கு முடிவு கூற இயலாது, கூறவும் தேவையில்லை. ஜப்பானில் ஷிகோகு தீவின் 88 கோயில்களை வலம்வரும் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் யாத்திரையில், தனியாக நடப்பவரும் தம்முடன் கோபோ தைஷி என்னும் மகான் நடக்கிறார் என்று நம்புகிறார்கள். கையிலுள்ள கோலையே அவராகக் கருதி, இரவு தங்குமிடம் சேர்ந்ததும் தம் கால்களைக் கழுவுவதற்கு முன் கோலின் நுனியைக் கழுவுகிறார்கள். தனிமையில் துணையை உணரும் இந்த நுட்பம் எந்த யாத்திரிகனுக்கும் பயன்படும். வழியில் ஊரார் அன்புடன் அளிக்கும் பழமோ பானமோ மறுக்கப்படாமல் பெறப்படவேண்டும் என்பதும் அங்கு விதி. அப்பலாச்சியன் பாதையிலும் முன்பின் அறியாதவர்கள் கடவைகளில் உணவும் குளிர்ந்த நீரும் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். பழனிச் சாலையில் நீர்மோர்ப் பந்தலும் அன்னதானமும் நாம் கண்டவையே. யாருக்கும் கடமைப்படாமல் நானே முடிப்பேன் என்ற அகங்காரத்துடன் புறப்பட்டவன், ஒரு குவளை நீரை நன்றியுடன் பெறக் கற்றுக்கொள்ளும்போது நடையின் அரைப்பாகத்தைக் கடந்துவிட்டான்.

திரும்புவதும் மீள்வதும்

நடையை இடையில் நிறுத்துவது எப்பொழுதும் குற்றம் என்று கருதுவது மூடத்தனம். எலும்பு முறிந்தவனும், வீட்டில் தாய் நோயுற்றவனும், கைப்பொருள் தீர்ந்தவனும் திரும்பவே வேண்டும். கேட்வுட் அம்மையாரே 1954-இல் வடக்கு முனையிலிருந்து புறப்பட்டு, மெயின் காட்டில் வழிதவறி, மூக்குக் கண்ணாடி உடைந்து, உணவும் தீர்ந்து, வனக்காவலர் சொற்கேட்டு வீடு திரும்பியவர். மறு ஆண்டு மே மாதத்தில் தெற்கு முனையிலிருந்து மீண்டும் தொடங்கி, செப்டம்பரில் கட்டாடினை அடைந்தார். திரும்பிய செய்தியைத் தம்மைப் பற்றிய தீர்ப்பாக அவர் எடுத்துக்கொள்ளாததே அவருடைய மேன்மை.

ஆராயவேண்டியது, திரும்புவது சரியா என்பதைவிட, அம்முடிவு எந்த நிலையில் செய்யப்படுகிறது என்பதே. மழையில் நனைந்து, பசித்து, இருட்டில் கிடக்கும்போது தோன்றும் துறவு மயான வைராக்கியத்தின் இனம், அதனை நம்பலாகாது. உண்டு, உறங்கி, ஒரு நாள் முழுவதும் ஓய்வெடுத்து, வெயிலில் அமர்ந்து யோசிக்கும்போதும் திரும்பவேண்டும் என்றே தோன்றினால், அது விவேகத்தின் குரல், அதனை மதிக்கவேண்டும். மெயினில் அக்டோபர் நடுவில் கட்டாடின் மலையேற்றம் பொதுவாக அடைபட்டுவிடும். காலம் கடந்துவிட்டதை உணர்ந்த நடையாளர் சிலர், இடைவழியிலிருந்து வண்டியேறி நேரே வடமுனைக்குச் சென்று, கட்டாடினை முதலில் ஏறி, விட்ட இடம் நோக்கித் தெற்கே நடந்து பாதையை நிறைவு செய்கிறார்கள். உச்சியில் நின்று முடிக்கும் பெருமிதத்தை அவர்கள் இழக்கிறார்கள். முழுப்பாதையையும் நடந்த நிறைவை இழக்கவில்லை. இவ்வாறு வளைந்துகொடுக்கத் தெரிந்த மனம் முறிவதில்லை.

முடித்தவர்களுக்கும் ஒரு சோதனை காத்திருக்கிறது. மாதக்கணக்கில் நாள்தோறும் எட்டுப் பத்து மணி நேரம் உழைத்த உடல் திடீரென்று நாற்காலியில் அமர்கிறது. விடிந்ததும் செய்யவேண்டியது இன்னதென்று ஐயமின்றி அறிந்திருந்த மனம், நூறு சிறு காரியங்களுக்கு நடுவில் தத்தளிக்கிறது. ஊர் திரும்பியபின் பல வாரங்கள் ஆழ்ந்த சோர்வில் வருந்துவோர் பலர். சிகரமே பலன் என்று நடந்தவருக்கு இச்சோர்வு மிகுதியாக இருப்பது இயல்பே. பலன் கைவந்த நாளில் அவர் கடமை முடிந்துபோயிற்று. நடையையே கடமையாகக் கொண்டவருக்குப் பாதை முடிந்தாலும் கடமை முடிவதில்லை. கேட்வுட் அம்மையார் 1957-இல் அப்பாதையை மறுபடியும் நடந்தார். 1959-இல் மிசௌரி மாநிலத்திலிருந்து ஒரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகர் வரையில் பழைய குடியேற்றப் பாதையில் நடந்தார். தம் சொந்த மாநிலத்திலே நடைபாதை அமைக்கும் பணியிலும் ஈடுபட்டார்.

முடிவு

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படுவது இது. நோக்கம் ஒருவனை வீட்டிலிருந்து புறப்படச் செய்கிறது. வைராக்கியம் அவனை ஒரு கொடிய நாளிலிருந்து மறுநாளுக்குக் கடத்துகிறது. ஐந்து மாதம் நடத்திச் செல்வதோ, இன்றைய நடையை இன்றைய கடமையாக ஏற்கும் அடக்கமான பழக்கமே. முன்னிரண்டையும் இகழ்வதற்கில்லை; அவை மூன்றாவதற்கு ஏவலாட்களாக இருக்கும்வரை நன்மையே செய்யும், தலைமை ஏற்றால் கெடுக்கும்.

இப்பழக்கத்தைப் பெறுவதற்கு அப்பலாச்சியன் மலைக்குப் போகும்வரை காத்திருக்கவேண்டியதில்லை என்பதையும், அங்கே போனபின் புதிதாகப் பெற்றுவிடவும் இயலாது என்பதையும் புறப்பட எண்ணுவோர் உணரவேண்டும். மலையேறிப் பழகுவதும், பையின் கனத்தைக் குறைப்பதும் நல்ல ஆயத்தங்களே. அவற்றினும் முக்கியமானது, மனம் ஒவ்வாத நாளிலும் குறித்த பொழுதில் எழுந்து குறித்த தூரத்தை நடந்துவிடும் அப்பியாசம். ஓர் ஆண்டுக் காலம் தம் ஊர்ச் சாலையில், ஆடி வெயிலிலும் ஐப்பசி மழையிலும், ஒருவர் பாராட்டும் வேண்டாமல் நாள்தவறாது நடந்து பழகியவர் எந்த நெடும்பாதைக்கும் தகுதியுடையவர். அந்தத் தகுதியை அடைந்தபின் அவர் கட்டாடின் சிகரத்தை ஏறாமலே போனாலும், நெடுநடை தரக்கூடிய பக்குவத்தில் பெரும்பங்கை ஏற்கெனவே பெற்றவராவார்.